மெல்பேர்ண் ரிக்கற்றுக்கு ஒரு முத்திரை

நான் ஓய்வுபெற்ற அன்று கந்தோரில் கேக் வெட்டினார்கள். வெள்ளைக் கேக்கின் நடுவில் சிவப்பாக ஒரு பெரிய 'P' எழுதியிருந்தது. புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் காரின் முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு திரிய வேண்டிய, 'தற்காலிகம்' என்று பொருள்படும் எழுத்து அது. அந்த எழுத்தைக் கொடுத்தும் பறித்தும் சம்பளம் வாங்கிய மனிதனுக்கு இனி வீட்டில் மனைவியிடம் தற்காலிக அனுமதிதான் என்பது அவர்களுடைய பகிடி. நான் சிரித்தேன். மனைவி சிரிக்கவில்லை. அவளுக்கு அதில் பகிடி எதுவும் தெரியவில்லை.

சென்ற வாரம் ஹர்ப்ரீத் போன் எடுத்தாள். என்னுடைய கவுண்டரில் இப்போது இருப்பவள் அவள்தான். லைசென்ஸ் போனுக்குள் போய்விட்டது, குற்றப் புள்ளிகளையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம், ஆனாலும் உங்கள் ஆட்கள் வரிசையில் நின்று, வேறு மாநிலத்தில் பிடிபட்டால் இங்கே செல்லுமா என்று கேட்கிறார்களே, என்ன சொல்வது என்றாள். செல்லும் என்று சொல் என்றேன். அதைத்தான் சொல்கிறேன், நம்புகிறார்களில்லை என்றாள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலத்திலேயே இதைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

யாழ்ப்பாணத்தில் நான் படவரைஞன். சிட்னிக்கு வந்து பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினேன், பிறகு ஒரு வாகன நிறுத்துமிடத்தில் கூண்டுக்குள் இருந்தேன், பிறகு லைசென்ஸ் கந்தோரில் கவுண்டருக்கு எடுத்தார்கள். ஆறு வாரப் பயிற்சி. அதில் பெரும்பகுதி, 'இல்லை' என்பதை முகத்தில் சிரிப்பு மாறாமல் எப்படிச் சொல்வது என்பதற்கே போனது. கொழும்பில் கந்தோர்களுக்கு அலைந்து திரிந்த எனக்கு அது தலைகீழ்ப் பாடமாக இருந்தது. அங்கே 'ஓம்' என்பதைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள்.

வேலையை உண்மையில் எனக்குக் கற்றுத் தந்தவர் மேலதிகாரி லொரெய்ன். உயரமான வெள்ளைக்காரப் பெண்மணி, இடது காதில் கேட்கும் கருவி. எங்கள் கவுண்டர்களுக்குப் பின்னால் மெதுவாக நடந்துகொண்டே இருப்பார். யாராவது ஒருவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பொய் சொல்லத் தொடங்கினால் லொரெய்ன் அருகில் வந்து நிற்பார். ஒரு விரலால் கருவியைத் தொடுவார். "மன்னிக்கவும், பற்றரி போய்விட்டது. நீங்கள் சொன்ன எதுவும் எனக்குக் கேட்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறீர்களா?" என்பார்.

மூளையுள்ளவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். லைசென்ஸ் தொலைந்துவிட்டது, புதிது வேண்டும் என்று வந்த பையன் ஒருவன் பற்றரி போன பிறகு, அது தொலையவில்லை, வயது காணாத நண்பன் கிளப்புக்குள் போவதற்கு வாங்கிக்கொண்டு போனவன் இன்னும் தரவில்லை என்றான். முதல் கதை லொரெய்னுக்குக் கேட்கவில்லை. கேட்காததை அவர் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது தடவையும் பொய்யே வந்தால் மட்டும் பற்றரி திடீரென்று உயிர்பெற்றுவிடும். மூன்றாவது தடவை கொடுப்பது அவருக்கு வழக்கமில்லை.

இனி எங்கள் ஆட்களுக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் வரிசையில் தங்கள் முறை வந்தாலும் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுவிட்டு என்னுடைய கவுண்டர் வெறுமையாகும்வரை காத்திருப்பார்கள். தமிழில் கேட்டால் சட்டம் கொஞ்சம் இளகும் என்று நம்பிக்கை. பிள்ளைகளுக்குப் புள்ளி போதாது என்று ரியூசனுக்கு மேல் ரியூசன் அனுப்பிய சமூகத்துக்கு, புள்ளி சேரச் சேரக் கேடு என்ற ஒரு சங்கதியை விளக்குவதே பெரும்பாடு. சிவப்பு P வைத்திருக்கும் பிள்ளை நாலு புள்ளி சேர்த்தால் மூன்று மாதம் லைசென்ஸ் இல்லை. வேகம், போன் என்று ஒரேயொரு குற்றத்திலேயே அந்த நாலும் நிரம்பிவிடும். அது சிட்னியில் நடந்தாலும் சரி, மெல்பேர்ணில் நடந்தாலும் சரி.

மெல்பேர்ணில் நடந்தாலும் சரி என்ற இடத்தில்தான் எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். கோயில் அன்னதானத்தில் பருப்புக்கும் பாயாசத்துக்கும் இடையில் சட்டம் படித்தவர்கள் வேறுமாதிரிச் சொல்லியிருப்பார்கள். மகன் கோல்ட் கோஸ்ற்றில் வேகமாக ஓடிப் பிடிபட்டபோது ஒரு அம்மா என்னிடம் வந்து, "பிள்ளை ஹொலிடேயிலதானே போனவர். ஹொலிடேயில நடந்ததுக்கும் இஞ்ச பனிஷ்மென்றோ?" என்று கேட்டார். இன்னொருவர் இங்கே மூன்று மாதம் தடைபட்ட மகனை, அந்த மூன்று மாதமும் மெல்பேர்ணில் மாமா வீட்டில் நின்று கார் ஓடவிடலாமா என்று கேட்டார். எல்லையில் ஓடும் ஆற்றைத் தாண்டினால் பாவம் கழுவப்பட்டுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. இவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் சொன்ன பெயர் அடுத்த சாவடிக்குத் தங்களுக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்ணால் கண்டவர்கள். வயர்லெஸ்ஸுக்கு முடிந்தது கொம்பியூட்டருக்கு முடியாது என்று இங்கே வந்து எப்படி நம்பினார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

யோகநாதன் வந்தது ஒரு சனிக்கிழமை காலை. சிட்னியில் டூங்கபிப் பக்கம் இருக்கிறார், கோயில் நிர்வாக சபையில் ஏதாவதொரு பதவியில் எப்போதும் இருப்பவர். மகள் அபிராமி காரை ஓடிக்கொண்டு வந்து, நிறுத்திவிட்டு, சுவரோரக் கதிரையில் போய் இருந்தாள். பதினெட்டு வயது, நேர்சிங் முதலாம் வருடம், சிவப்பு P. அப்பா கதைப்பார், நீ பேசாமல் இரு என்று சொல்லிக் கூட்டிவந்திருக்கிறார். அவளும் போனைப் பார்த்தபடி பேசாமல் இருந்தாள்.

"அண்ணை, ஒரு சின்ன உதவி. இதில ஒரு ஸ்ராம்ப் குத்தித் தாங்கோ" என்று கண்ணாடிக்கு அடியால் ஒரு கடிதத்தைத் தள்ளினார்.

நான் ஜே.பி., அதாவது சமாதான நீதவான். சத்தியக் கடிதங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தும் அதிகாரம் இருந்தது. கடிதத்தோடு, மெல்பேர்ண் இருக்கும் விக்டோரியா மாநிலத்திலிருந்து வந்த தண்ட அறிவித்தலும், அதாவது ரிக்கற்றும், இருந்தது. ஸ்பிரிங்வேலுக்குக் கிட்ட, கார் ஓடும்போது கையில் போன். தெருவுக்கு மேலே பூட்டியிருக்கும் கமரா பிடித்தது. கார் யோகநாதனின் பெயரில் இருந்தபடியால் அறிவித்தல் அவருக்கு வந்திருக்கிறது. அன்று ஓடியவர் வேறு ஆள் என்றால் அது யார் என்று அவர் எழுதி அனுப்ப வேண்டும். அவர் எழுதியிருந்தார். ஓடியவர் தன்னுடைய தம்பி குமரன் என்று, பிழையில்லாத ஆங்கிலத்தில்.

"விக்டோரியா இதுக்கு ஸ்ராம்ப் கேக்கேல்லையே" என்றேன்.

"ஓம், கேக்கேல்லைதான். எண்டாலும் ஒரு ஸ்ராம்ப் இருந்தால் கனமா இருக்கும்."

இதுதான் எங்கள் ஆட்கள். வேறு எந்த இனத்தவன் என்றாலும் பொய்யை எழுதி, தபாலில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பான். எங்களுக்குப் பொய்யையும் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பிறந்த பதிவு முதல் இறந்த பதிவு வரை ஊதா மை கண்டால்தான் நெஞ்சு ஆறும். அந்த ஆசையால் மட்டும்தான் அவர் அன்று என் முன்னால் வந்து நின்றார்.

"படம் பாத்தனீங்களோ?" என்று கேட்டேன். அறிவித்தலில் உள்ள இலக்கத்தைப் போட்டால் கமரா எடுத்த படத்தை இணையத்தில் பார்க்கலாம்.

"படம் என்னத்துக்கு அண்ணை? கார் எங்கட கார்தானே."

குமரனை எனக்குத் தெரியும். சிட்னிக்கு வரும்போது இரண்டொரு தடவை கோயிலில் கண்டு கதைத்திருக்கிறேன். படகில் வந்தவர். மெல்பேர்ணில், டண்டினோங்கில் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை. மீனும் இறைச்சியும் தூக்கித் தூக்கி விரல்கள் எல்லாம் வெடித்திருக்கும். அகதி வழக்கு முடியாமல், முடிவு வரும்வரை தரும் தற்காலிக பிரிட்ஜிங் விசாவில் இழுபடுகிறவர். அந்த விசாவில் இருப்பவர்மீது ஒரு குற்றவழக்கு வந்தாலே விசாவைப் பறித்து உள்ளே போட முடியும். ஓடாத காரை ஓடியதாக ஒப்புக்கொள்வது வெறும் தண்டப் பணத்தோடு முடிகிற சங்கதியில்லை. பொய்ச் சாட்சி என்ற குற்றம்.

"தம்பியின்ர விசா என்ன மாதிரி?" என்றேன்.

"அது பிரிட்ஜிங். அதுக்கும் இதுக்கும் என்ன அண்ணை? அது இமிகிறேசன். இது ட்றபிக்."

விசயம் எப்படி நடந்திருக்கும் என்று எனக்கு விளங்கியது. எங்கள் வீடுகளில் இதற்கென்று குடும்பக் கூட்டம் கூடும். யாருடைய லைசென்ஸில் இடம் இருக்கிறது என்று, கல்யாணத்துக்கு இரவல் சங்கிலி தேடுவதுபோலத் தேடுவார்கள். அம்மா ஏற்கெனவே புள்ளிகள் நிரம்பி விளிம்பில் நிற்பார். பெரியப்பா ஊபர் ஓடுகிறவர், கேட்கவே முடியாது. மாமி மறுத்துவிடுவார், மாமியிடம் குடியுரிமையும் இருக்கிறது, வாயும் இருக்கிறது. கடைசியில் இல்லையென்று சொல்ல முடியாத ஆள் ஒருவர் அகப்படுவார். வந்த புதிதில் யோகநாதன் குமரனுக்குச் செய்த உதவிகள் எனக்கும் தெரியும். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. உதவி செய்தவர் அதை இப்படியா திருப்பிக் கேட்பது? கோபத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொண்டேன். அதற்கும் பயிற்சி தந்திருந்தார்கள்.

முத்திரை லொரெய்னின் மேசை லாச்சிக்குள் இருக்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் அவரும் கூட வருவார். அதற்காகவே போய்க் கேட்டேன். வந்தார். கடிதத்தை வாசித்தார், அறிவித்தலை வாசித்தார், யோகநாதனைப் பார்த்தார். என்ன நடந்தது என்பதை உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். சாட்சிக் கையெழுத்துக்கு முன் அப்படிக் கேட்பது நடைமுறை.

கார் ஓடியது என் தம்பி என்று யோகநாதன் ஆங்கிலத்தில் சொன்னார்.

லொரெய்ன் காதைத் தொட்டார். "மன்னிக்கவும், பற்றரி போய்விட்டது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. முதலிலிருந்து சொல்கிறீர்களா?"

நான் யோகநாதனை இமைக்காமல் பார்த்தேன். கண்ணாடி மட்டும் இல்லையென்றால் அவருடைய காலை மிதித்திருப்பேன். அவருக்கு எதுவும் விளங்கவில்லை. வயதான பெண்மணிக்குக் காது கேட்கவில்லை என்று உண்மையாகவே நம்பிவிட்டார். தொண்டையைச் செருமி, கோயில் மைக்கில் அறிவிக்கும் குரலில், மண்டபம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்: அந்தக் காரை ஓடியது என்னுடைய தம்பி குமரன்.

அது சுவரோரக் கதிரைக்கும் கேட்டது. அபிராமி எழுந்து வந்தாள்.

"அப்பா, வட் ஆர் யூ சேயிங்?"

"நீ போய் இரு. பெரியாக்கள் கதைக்கிறம்."

அவள் போகவில்லை. வலது கையைக் கவுண்டரில் வைத்தாள். உள்ளங்கையில் மருதாணி போய்விட்டிருந்தது, நகங்களில் மட்டும் இன்னும் செம்மஞ்சளாக நின்றது. மற்றக் கையில் இருந்த போனில் கமரா எடுத்த படத்தைக் காட்டினாள். ஸ்ரியறிங்குக்கு மேலே, போனைப் பிடித்தபடி, முழங்கை வரை மருதாணி போட்ட கை. ஒரு டசின் கண்ணாடி வளையல். குமரனுக்கு அடர்த்தியான மீசை, குளிர்களஞ்சியத்தில் மூட்டை தூக்குகிற கை. அந்தக் கையில் வளையலைக் கற்பனை செய்ய எனக்கு முடியவில்லை, விக்டோரியாவுக்கும் முடிந்திருக்காது.

"இட் வாஸ் மீ" என்றாள் லொரெய்னைப் பார்த்து. பிறகு தமிழுக்கு மாறினாள். "மச்சாளின்ர கலியாணத்துக்குப் பலகாரப் பெட்டி எடுக்கப் போனனான். அம்மா கோல் எடுத்தவ. கவனமா ஓடுறியோ எண்டு கேட்டவ."

லொரெய்ன் என்னைப் பார்த்தார். கடைசி வரியை மொழிபெயர்த்தேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"விசர்க் கதை கதைக்காத" என்றார் யோகநாதன். "உன்ர லைசென்ஸ் போனால் ஆஸ்பத்திரிப் பயிற்சிப் பிளேஸ்மென்ற்றுக்கு எப்பிடிப் போவாய்? விடியப்புறம் பஸ் ஓடுதோ? பிளேஸ்மென்ற் இல்லையெண்டால் வருசம் போச்சு."

"சித்தப்பாவைப் பிடிச்சு அனுப்பிப்போடுவாங்கள் அப்பா."

"ஒருத்தரும் அனுப்பாயினம். அவர் ஓம் எண்டு சொல்லியாச்சு."

அவள் அந்தப் போனிலேயே சித்தப்பாவைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். குளிர் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே குமரன் கதைத்தார். என்ன நடக்கிறது என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

"பிள்ளை, அழாத. நான்தான் ஓடினது எண்டே போடச் சொல்லு. இந்த நாட்டில என்னட்ட ரெம்பறரி இல்லாத சாமான் எண்டால் அந்த லைசென்ஸ் ஒண்டுதான். அதையாவது உனக்குத் தந்ததா இருக்கட்டும்."

வரிசையில் நின்ற தமிழர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.  யோகநாதனின் கண் கலங்கியதைக் கண்டபோது என்னுடைய கோபம் இறங்கியது. முழுவதும் இல்லை, பாதி. கண்ணாடிக்கு அடியால் கையை விட்டுக் கடிதத்தை இழுத்து, நாலாய் மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார்.

"தம்பி, நீ வேலையைப் பார். நான் பிறகு எடுக்கிறன்" என்று போனுக்குச் சொன்னார்.

லொரெய்ன் கவுண்டரில் இருந்த முத்திரையைக் கையில் எடுத்தார். "என் பற்றரி இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியது," என்றார் என்னிடம். "இந்தப் பெரியவர் என்ன கேட்டு வந்தார்?"

இரண்டாவது தடவையும் பொய் சொன்ன ஒருவருக்கு அவர் மூன்றாவது தடவை கொடுத்தது அன்று ஒரு நாள்தான்.

"சிவப்பு P பிள்ளை வேறு மாநிலத்தில் பிடிபட்டால் என்ன நடக்கும் என்று கேட்டு வந்தார்" என்றேன்.

"அப்படியென்றால் சொல்" என்று முத்திரையோடு போய்விட்டார்.

சொன்னேன். ஓடியவர் மகள் என்று உண்மையை எழுதி அனுப்புங்கள். குற்றம் விக்டோரியாவில் பதிவானதும் புள்ளிகள் இங்கே வந்து அவளுடைய கணக்கில் ஏறும். நாலு நிரம்பும். இடைநிறுத்தக் கடிதம் வீட்டுக்கு வரும், அதில் உள்ள திகதி வரை அவள் ஓடலாம், ஆகவே இன்று உங்களை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். முழு லைசென்ஸ் உள்ளவர்களுக்குத் தடைக்குப் பதிலாக நன்னடத்தை என்று ஒரு வழி இருக்கிறது, P பிள்ளைகளுக்கு அது இல்லை. நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம், கடிதம் வந்த பிறகு அதிக நாள் எடுக்கக்கூடாது. தடை நேரத்தில் ஓடிப் பிடிபட்டால் அதற்கு வேறு வழக்கு, அது மெல்பேர்ணில் மாமா வீட்டில் நின்று ஓடினாலும்தான்.

யோகநாதன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "அப்ப மூண்டு மாசமும் விடியப்புறம் பிள்ளையை ஆர் ஏத்திறது?"

  நானும் அபிராமியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தம்பியின் விசாவையும் ஒரு குடும்பத்தின் மானத்தையும் எந்தப் பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றுவதற்காக அவர் அடகு வைக்கப் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருடைய விடிகாலை நித்திரை.

மூன்று மாதமும் அவரே ஏற்றினார். மேன்முறையீட்டுக்குப் போகவில்லை, அபிராமி வேண்டாம் என்றுவிட்டாளாம். அதன் பிறகு கோயிலில் மாநிலங்களுக்கிடையிலான வீதிச் சட்டத்துக்கு அவர்தான் ஏகபோகப் பிரதிநிதி. எல்லா ஸ்ரேற்றும் ஒண்டுதான், எல்லாம் ஒரே கொம்பியூட்டர்தான் என்று பாயாசம் ஆறும்வரை விளக்குவார். அவரையும் யாரும் நம்புவதில்லை.

நான் வேலையிலிருந்து நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நாள் குமரன் என்னுடைய கவுண்டருக்கு வந்தார். சிட்னியில் வேலை கிடைத்து டூங்கபிக்கே வந்துவிட்டார். விசா அதே பிரிட்ஜிங்தான். விக்டோரியா லைசென்ஸைக் கொடுத்துவிட்டு இங்கத்தைய லைசென்ஸ் எடுக்க வேண்டும். காரில் ஏற்றிக்கொண்டு வந்தவள் அபிராமி. இப்போது அடுத்த படியான பச்சை P. அவள் அதே சுவரோரக் கதிரையில் இருந்தாள், இந்தத் தடவை போனைப் பைக்குள் வைத்துவிட்டு.

குமரன் லைசென்ஸைக் கண்ணாடிக்கு அடியால் தள்ளினார். விரல்கள் அதே வெடிப்புத்தான். நான் வழக்கமான கேள்விகளை வாசித்துக்கொண்டு போனேன். பெயர், விலாசம், கண் பார்வை. கடைசியாக, வேறு மாநிலத்தில் உங்கள் பெயரில் ஏதாவது குற்றம் பதிவாகி இருக்கிறதா என்று வாசித்தேன். திரையில் பதில் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அவர் வாயால் சொல்ல வேண்டும் என்பது நடைமுறை.

குமரன் நிமிர்ந்து நின்றார். "நோ" என்றார். யோகநாதனைவிடச் சத்தமாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி.

எனக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்த லொரெய்ன் நின்றார். கருவியைத் தொடவில்லை.

"கேட்டது" என்றார்.